மையத்தின் வாசல்

அன்புள்ள இஜ்ஜாவுக்கு,

உங்கள் பெண்கள் மையத்தின் இணையதளத்துக்கு நான் தவறாகத் திட்டம் போட்டுவிட்டேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

மளிகைக்கடையில் எல்லாவற்றையும் நானே எடுத்துக் கொடுத்துப் பழகியவன். அந்தப் பழக்கத்தில் ஆர்கன் எண்ணெய், கம்பளம், வகுப்புகள் என்று எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் என் காசாபிளாங்கா கடையின் தொலைபேசி எண்ணே வரும்படி எழுதிக் கொடுத்தேன்.

தளம் அமைக்கும் கிஸ்லான் சிரித்துவிட்டாள். "ஹாஜி, மையத்தை நடத்துறது ஊர்ல உங்க வீட்டம்மா. வாசலை மட்டும் உங்க கடையிலயா வைப்பீங்க?"

இருபது வருஷமாக வீட்டுக் காரியத்திலும் உன்னைக் கேட்காமல் அப்படித்தானே நடந்துகொண்டேன்.

பேருந்தில் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை அனுப்பு. இங்கே கால் குளிர்கிறது. கடையில் ஆள் காத்திருக்கிறார், சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன்.

கிஸ்லானோடு பேசி முடித்தது: கூலி இரண்டாயிரம் திர்ஹம். முதல் பக்கத்தில் உங்கள் பதினோரு பேரின் பெயர்களும் உன் எண்ணும் இருக்கும். என் எண் எங்கும் இருக்காது.

லஹ்சன்