சிவப்பு விளக்கில் உறைந்த நீலம்

என் அருமை அண்ணாவுக்கு,

நீங்கள் விட்டுப்போன நீலக் கலவை கெட்டுவிட்டது. கெடுத்தது நான்தான். சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

கோயமுத்தூர்க் கல்லூரியிலிருந்து மஞ்சள் காமாலையோடு வந்து இறங்கிய அன்று, கருப்புத் தாள் சுற்றிய புட்டியை என்னிடம் கொடுத்தீர்கள். "இருட்டுல வெச்சுக்கோ அம்மிணி. சாதா வெளிச்சம் பட்டாலே போதும், சாயம் அதெ வாங்கிக்கும். தண்ணியாட்ட இருக்கறது ஒண்ணோட ஒண்ணு சங்கிலியாட்டக் கோத்துக் கட்டியாயிரும். அதுதான் என்ற ஆராய்ச்சியே" என்றீர்கள். உடம்பு தேறியதும் அளவுகளை எழுதிவைப்பதாகவும் சொன்னீர்கள். எட்டாம் நாள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

கொழிஞ்சாம்பாறையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர் பெண்டாட்டிக்கு இருட்டு என்றால் என்ன அண்ணா? சிவப்பு பல்பு எரிகிற டார்க் ரூம்தானே? படம் போடும் தாளே அங்கே கெடுவதில்லை. அதனால் புட்டியை அங்கே வைத்தேன். உங்கள் காரியம் முடிந்த பிறகு கருப்புத் தாளையும் பிரித்துவிட்டேன். படம் கழுவும்போது அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நீங்கள் பக்கத்தில் இருப்பதுபோல் இருந்தது. சிவப்பு வெளிச்சத்தில் நீலம் கருப்பாகத்தான் தெரிந்தது. ஏன் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை.

நேற்று உங்கள் புரொபசர் புட்டியை வாங்கிப்போகப் பொள்ளாச்சி பஸ்ஸில் வந்தார். புட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். உள்ளே இருந்தது அசையவில்லை.

"எந்த விளக்குல இருந்துச்சு?"

"சிவப்புங்க. அதுல தாளு கெடாதுங்களே."

"நீலச் சாயம் தின்னறதே சிவப்பு வெளிச்சத்தத்தாம்மா" என்றார். கிளம்பும்போது சொன்னார்: "அவன் சொன்னது பலிச்சிருக்கு. ஆனா கட்டியானதப் பிரிச்சுப் பாக்க முடியாது. எதை எவ்வளவு போட்டான்னுதான் இனி யாருக்கும் தெரியாது."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதி வைத்திருக்கக் கூடாதா அண்ணா? உங்கள் மேல் கோபம் வருகிறது. வந்த வேகத்தில் என் மேலேயே திரும்புகிறது.

வாத்தியார் வந்து எடுத்துப்போனால் உங்கள் பெயர் புத்தகத்தில் வரும் என்று அம்மா சந்தையெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். "ஏங்கண்ணு, அண்ணம் பேரு எப்ப வருமாம்?" என்று இன்று காலையும் கேட்டாள். பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டேன். அடுப்பில் பாலே வைத்திருக்கவில்லை.

வேறு யார் வாயிலிருந்தும் அவள் கேட்க விடமாட்டேன். நாளைக்கு நானே சொல்லிவிடுகிறேன் அண்ணா, இது சத்தியம். வராது என்று. யாரால் வராது என்றும்.

உங்கள் கூடப்பிறந்தவள்,
சரசு