சாவி கைமாறும் முன்

சேசு மரி சூசை

கோவில்பத்து, காரைக்கால்
11.3.1979

மாப்பிள்ளை செல்வநாதன் அவர்களுக்கு,

உங்கள் மாமனார் அடைக்கலராஜ் எழுதுவது. வீட்டுச் செய்திகளை டெய்சி தனித்தாளில் எழுதி இதே உறைக்குள் வைத்திருக்கிறாள். குழந்தை சலோமி சுவரெல்லாம் கரியால் கிறுக்குவதும் அதில் இருக்கும். ஆகவே நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

திருச்சியில் வேலை என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கினீர்கள். பம்பாயிலிருந்து தந்தி வந்த பிறகுதான் சவூதிக்கு டிரெய்லர் ஓட்டப் போகிறீர்கள் என்று தெரிந்தது. சொல்லியிருந்தால் தடுத்திருக்க மாட்டேன். போகும் முன் ஒரு தடவை பட்டினச்சேரிக்குப் போய்விட்டு வாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை.

நேரில் கேட்டால் பேச்சை மாற்றுகிறீர்கள். அதனால் நடந்ததை எழுத்திலேயே வைக்கிறேன். 1976 டிசம்பர். வேதாரண்யத்தில் உப்பு ஏற்றிக்கொண்டு வந்தோம். என் லாரியில் நீங்கள் துணைக்கு வந்திருந்தீர்கள். அதுவரை அந்த வண்டியை நீங்கள் ஓட்டியதில்லை. எனக்குக் காய்ச்சல் அடித்தது. நாகூரில் டீ குடித்துவிட்டு உங்களிடம் சாவியைக் கொடுத்தேன். பட்டினச்சேரிக்குப் பிரியும் இடத்தில், மீன்கூடையோடு சைக்கிளில் வந்த காத்தமுத்துவின் காலில் வண்டி ஏறியது. போலீஸ் வந்தபோது நீங்கள் நடுங்கிக்கொண்டு நின்றீர்கள். டெய்சிக்கு எட்டு மாதம். ஓட்டியது நான்தான் என்று சொன்னேன். ஆறு மாதம் உள்ளே இருந்தேன். இருபத்தேழு வருஷம் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடிக்காத லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். உங்கள் லைசென்ஸில் கறை இல்லை. அதைக் காட்டித்தான் விமானம் ஏறினீர்கள்.

அதை நான் குத்திக்காட்டவில்லை. என் இஷ்டப்படி சொன்னது. ஆனால் காத்தமுத்துவைப் பார்க்கப் போனால் அவன் என்ன செய்கிறான் தெரியுமா? முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாத காலை நீட்டி, வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். என்னைப் பார்த்ததும், "வாங்க டிரைவரண்ணே, வேணும்னா அடிச்சிங்க? விடுங்க, உக்காருங்க" என்று தன் முக்காலியை எனக்குப் போட்டுவிட்டுத் தரையில் நகர்ந்து உட்காருகிறான். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பை வாங்கிக்கொண்டு நான் எத்தனை நாள் அந்த முக்காலியில் உட்காருவது?

கேட்பது ஒன்றே ஒன்று. ஓட்டியது நீங்கள் என்று அவனுக்கு எழுதுங்கள். கோர்ட்டுக்கு வேண்டாம், ஊருக்கு வேண்டாம். அவனுக்குத் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
அ. அடைக்கலராஜ்


தம்மாம்
20.4.1979

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று ரியாத்துக்குக் குழாய் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். நானூறு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் மணல். வழி முழுக்க உங்கள் கடிதத்தைத்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

சொல்லாமல் வந்தது தப்புதான். நீங்கள் எனக்காகச் செய்ததை என் உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன். ஆனால் மாமா, காத்தமுத்துவுக்குப் படிக்கத் தெரியாது. நான் எழுதினால் யாராவது படித்துக்காட்ட வேண்டும். படித்தவர் நாலு பேரிடம் சொல்வார். பொய் சொன்னதற்கு உங்களை மறுபடி கூப்பிடுவார்கள். என்னையும் இங்கிருந்து பிடித்து அனுப்புவார்கள். பிறகு டெய்சிக்கும் குழந்தைக்கும் யார்? இரண்டு வருஷம் பொறுங்கள். லீவில் வந்து அவர் முன்னால் நின்று வாயால் சொல்கிறேன். இது மாதா மேல் ஆணை.

இங்கே வேலை கடினம். ஆனால் ஒழுங்கு இருக்கிறது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவருக்கு வண்டி போகும்போது, இரண்டு பேரும் அதைச் சுற்றி வரவேண்டும். கொடுப்பவர் அந்த வண்டியின் குறைகளைச் சொல்ல வேண்டும். வாங்குபவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் சாவி கைமாறும். பாஷை தெரியாதவர்கள்கூட டயரைத் தட்டியும், கையை ஆட்டியும் சொல்லிவிடுகிறார்கள். இது ஏனோ எனக்குப் பிடித்திருக்கிறது.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

தங்கள் மருமகன்,
செல்வநாதன்


சேசு மரி சூசை

கோவில்பத்து
5.7.1981

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நாற்பது நாள் இருந்தீர்கள். டேப்ரிக்கார்டரில் பாட்டுக் கேட்டீர்கள். தெருவில் எல்லோருக்கும் சென்ட் பாட்டில் கொடுத்தீர்கள். நானாகக் கேட்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்தாம் நாள் டாக்சி வைத்து வேளாங்கண்ணிக்குப் போனீர்கள். பட்டினச்சேரிக்குப் பிரியும் இடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். தாண்டித்தான் வரவேண்டும்.

நீங்கள் விமானம் ஏறிய பிறகு டெய்சி சொன்னாள், மாதாவுக்கு வெள்ளியில் ஒரு கால் செய்து காணிக்கை போட்டீர்களாம். "யாருக்குக் கால் வலின்னு கேட்டேன், ஒண்ணும் சொல்லலப்பா" என்கிறாள். அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

மாதாவுக்கு எதற்கு மாப்பிள்ளை கால்? கால் போனது காத்தமுத்துவுக்கு. மாதாவிடம் சொன்னால் மாதா எதிர்த்து ஒன்றும் கேட்க மாட்டாள் என்ற தைரியம் உங்களுக்கு.

உங்கள் ஆணையும் அந்த வெள்ளிக்காலும் அங்கேயே கிடக்கட்டும். நீங்கள் அவனிடம் சொல்லும்வரை உங்களை ஆம்பளை என்று என்னால் நினைக்க முடியாது.

அ. அடைக்கலராஜ்


தம்மாம்
16.8.1981

மாமாவுக்கு,

பட்டினச்சேரிக்குப் பிரியும் இடத்தில் டாக்சியை நிறுத்தச் சொன்னேன். இறங்கினேன். டெய்சி, ஒன்றுக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அந்த இடத்தில் நின்றேன். என் வலது கால் தானாகவே ஒன்றை மிதிக்கப் போனது. அதற்கு மேல் ஓர் அடி எடுத்துவைக்க முடியவில்லை. திரும்பி ஏறிவிட்டேன். இதைக் கோழைத்தனம் என்றால் ஆமாம், கோழைதான்.

ஆனால் நீங்கள் ஆம்பளைத்தனத்தைப் பற்றி எழுதிவிட்டீர்கள். ஆகவே இரண்டு வருஷமாக மனதில் வைத்திருந்ததை எழுதுகிறேன்.

காத்தமுத்து முன்னால் வந்ததும் நான் பிரேக்கை மிதித்தேன். அடிவரை மிதித்தேன். பிடிக்கவில்லை. பதற்றத்தில் கால் தவறிவிட்டது என்றுதான் இரண்டு வருஷத்துக்கு மேல் நினைத்துக்கொண்டிருந்தேன். ராத்திரியில் என் காலையே அடித்துக்கொள்வேன். இங்கே வந்து, சாவி கைமாறும் ஒழுங்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. உங்கள் வண்டியில் குறை ஏதும் இருந்ததா என்று லீவில் வந்தபோது டெய்சியிடம் கேட்டேன். லாரியைப் பூமிநாதனுக்கு விற்ற அன்று அவள் காபி கொண்டுவந்து வைத்தாளாம். நீங்கள் அவரிடம், "முத மிதில புடிக்காதுங்க, சட்டுனு மிதிச்சா ரெண்டு தடவ மிதிங்க" என்று சொன்னீர்களாம்.

வாங்க வந்த அந்நியருக்குச் சொன்னீர்கள். நாகூரில் டீ குடித்துவிட்டு எனக்குச் சாவியைக் கொடுத்தபோது என்ன சொன்னீர்கள்? "பாத்து ஓட்டுங்க" என்றீர்கள். அவ்வளவுதான்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் கேட்டேன் என்று டெய்சிக்கும் தெரியாது. சொல்லவும் மாட்டேன். ஆனால் உண்மையைப் பற்றி இனி எனக்கு எழுதாதீர்கள்.

செல்வநாதன்


கோவில்பத்து
9.9.1981

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

பூமிநாதனிடம் நான் சொன்னது விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் உள்ள பேச்சு. காபி கொடுக்க வந்த இடத்தில் காதைக் கொடுப்பதும், அதைக் கொண்டுபோய்ப் புருஷனிடம் கொட்டுவதும் என் வீட்டில் இல்லாத பழக்கம். டெய்சியிடம் கேட்டுவிட்டேன். நாலு நாளாக அவள் என் முகத்தைப் பார்க்காமல் சோறு போடுகிறாள்.

இனி எனக்கு எழுத வேண்டாம். நானும் எழுதப்போவதில்லை.

அ. அடைக்கலராஜ்


தம்மாம்
18.11.1984

அன்புள்ள மாமாவுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னீர்கள். மூன்று வருஷம் கேட்டேன். போன வருஷம் லீவில் வந்தபோதும், ஒரே வீட்டில் இருந்துகொண்டு சலோமி மூலமாகத்தான் பேசிக்கொண்டோம். "அப்பாவச் சாப்பிட வரச் சொல்லு", "தாத்தா கிட்ட பேப்பரக் கொடு." பாவம், அந்தக் குழந்தை நம் இருவருக்கும் தந்தி ஆபீஸாக இருந்தாள்.

சென்ற மாதம் அவள் தன் கையாலேயே எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். கோணல் எழுத்து, பென்சில். பள்ளிக்கூடத்துக்குப் படம் வரைந்து கொண்டுபோனாளாம், பரிசு கிடைத்ததாம். கடைசியில் ஒரு வரி. "அப்பா, தாத்தா ஏன் லாரியால அந்த மாமா காலை வெட்டினாங்க? கிளாஸ்ல எல்லாரும் கேக்குறாங்க."

அந்தக் கடிதத்தை வண்டியில், கண்ணாடிக்கு மேலே செருகி வைத்து இருபது நாள் ஓட்டினேன். ரியாத் போனேன், வந்தேன். அந்த ஒரு வரியைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. உங்கள் பேர் அவள் வாயில் இப்படி வந்துவிட்டது. அதற்கு நான் காரணம்.

நேற்று காத்தமுத்துவுக்குக் கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். வருவது வரட்டும். சலோமிக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். இனி உங்களால் சொல்ல முடியும்.

தங்கள் மருமகன்,
செல்வநாதன்


சேசு மரி சூசை

கோவில்பத்து
6.1.1985

மாப்பிள்ளை செல்வநாதன் அவர்களுக்கு,

டிசம்பர் இரண்டாம் வாரம் காத்தமுத்து இங்கே வந்தான். கட்டையை ஊன்றிக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறான். மடியில் உங்கள் கடிதம், பிரிக்காமல். "ஊருல படிச்ச பயலுவ இருக்கானுவ, தண்ணி ஊத்துன மாதிரி படிச்சிட்டுப் போயிடுவானுவ. நீங்க கடை போர்டப் பாத்துப் படிக்கக் கத்துக்கிட்டவரு. நிறுத்தி நிதானமாப் படிப்பிங்க டிரைவரண்ணே" என்றான்.

டெய்சி பக்கத்தில்தான் நின்றாள். போகச் சொல்லவில்லை. படித்தேன். ஓட்டியது நான், என் மாமா அல்ல என்ற வரியைப் படித்தபோது டெய்சி சுவரைப் பிடித்துக்கொண்டாள். எட்டு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்த வரி அது. படித்ததும் மனம் லேசாகும் என்று நினைத்திருந்தேன். அதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. "வண்டியில் எந்தக் குறையும் இல்லை. பிரேக் நன்றாகவே இருந்தது. நான்தான் கவனிக்கவில்லை."

அதையும் படித்தேன். முழுவதும் படித்து மடித்து வைத்தேன். அவன், "இன்னொரு தடவ படிங்க" என்றான். மறுபடி எடுத்தேன். முதல் வரியைப் படித்தேன். அந்த இடம் வந்ததும் நாக்கு நின்றுவிட்டது. "என்னண்ணே, எழுத்து தெரியலியா?" என்றான்.

எழுத்து நன்றாகத் தெரிந்தது.

மாப்பிள்ளை, அந்தப் பொய்யை எனக்காக எழுதினீர்கள். எனக்கு அது வேண்டாம். என் பொய் ஒன்றையே இத்தனை வருஷம் சுமந்தாயிற்று, உங்களுடையதையும் சேர்த்துச் சுமக்க முடியாது. அவனிடம் சொன்னேன். பிரேக் முதல் மிதியில் பிடிக்காது. ஒரு மாதமாக அப்படித்தான் இருந்தது. உப்பு லோடு முடியட்டும், கிறிஸ்துமஸுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நான் ஓட்டியிருந்தால் இரண்டு தடவை மிதித்திருப்பேன், வண்டி நின்றிருக்கும். அது அந்த இடத்திலேயே எனக்குத் தெரியும். போலீசிடம் நான் ஓட்டினேன் என்று சொன்னது டெய்சிக்காக மட்டும் இல்லை.

ஏன் உங்களிடம் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். அன்று காலை வேதாரண்யத்தில் லோடு ஏறும்போது, "இந்தத் தகர டப்பாவ வித்துட்டு வேற பாருங்க மாமா" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தீர்கள். காரைக்காலில் இதைப்போல் ஒரு வண்டி இல்லை என்று நான் பதில் சொன்னேன். அதைச் சொல்லி ஆறு மணி நேரம் ஆகவில்லை. அந்த வாயால் பிரேக்கில் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம் இவ்வளவுதான். இவ்வளவு சின்னக் காரணத்தை எழுத எனக்கு மூன்று வருஷம் ஆனது.

காத்தமுத்து பீடி பற்றவைத்தான். பாதி இழுத்த பிறகு பேசினான். "எட்டு வருஷமா ஒங்களுக்கு முக்காலியப் போட்டுட்டு நான் கீழ உக்காந்திருக்கேன்" என்றான். "வரவேணாம்னு சொல்லல. இனிமே வந்தா தரையில உக்காருங்க." கட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தான். டெய்சி பஸ் ஏற்றிவிடப் போனாள். என்னைக் கூப்பிடவில்லை.

புதுவருஷப் பூசை முடிந்து பட்டினச்சேரிக்குப் போனேன். முக்காலி காலியாகத்தான் கிடந்தது. நான் தரையில் உட்கார்ந்தேன். அவன் அதில் ஏறி உட்கார்ந்து வலை பின்னினான். அரை மணி நேரம் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "நூலப் புடிங்க" என்று ஒரு நுனியைக் கொடுத்தான்.

சலோமியிடமும் சொல்லிவிட்டேன். "அப்ப ரெண்டு பேர் மேலயும் தப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். ஸ்லேட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன் நான். இந்த வயதில் அதைக் கற்றுக்கொள்ளப் போவதும் இல்லை. நீங்களும் ஆறு வருஷம் தாமதம்தான், அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. லீவில் வரும்போது டாக்சி வேண்டாம். பஸ்ஸில் போவோம். அங்கே தரையில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.

அதற்கு முன் ஒன்று. நாகூரில் சாவியைக் கொடுத்தபோது சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

மாப்பிள்ளை, இந்த வண்டியில் பிரேக் முதல் மிதியில் பிடிக்காது. இரண்டு தடவை மிதியுங்கள்.

உங்களுக்கு அங்கே உள்ள ஒழுங்குப்படி, இதை அப்படியே திருப்பி எனக்கு எழுதுங்கள்.

அ. அடைக்கலராஜ்