கப்பலிலிருந்து இறங்கும் காக்காவுக்கு ஒரு சஹன்

அல் குசைஸ், துபாய்
ஜனவரி 3

மதிப்பிற்குரிய மக்தூம் காக்காவுக்குத் தம்பி செய்கு அலாவுதீன் எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். கிழிப்பதென்றால் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுக் கிழியுங்கள். இதில் உங்கள் வயிற்றைப் பற்றிய விஷயம் இருக்கிறது. நம் சண்டையைவிட அது அவசரம்.

நீங்கள் தோஹாவுக்கு வருவதும், மகன் ஆகில் உங்களையும் மதினியையும் சொகுசுக் கப்பலில் ஏற்றப்போவதும், அந்தக் கப்பல் பதினைந்தாம் தேதி வியாழக்கிழமை துபாயில் ஒரு பகல் முழுக்க நிற்கப்போவதும் எனக்குத் தெரியும். யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். பதினோரு வருடமாக என் வீட்டுக்காரி பாஹிமாவும் மதினியும் வாரம் தவறாமல் போனில் பேசிக்கொள்கிறார்கள். நான் குளிக்கப் போகும் நேரம் பார்த்துப் பேசுவாள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. நான் அவளுக்காகவே வெள்ளிக்கிழமைகளில் கூடுதலாக ஒரு பக்கெட் ஊற்றிக்கொள்கிறேன்.

செய்தி காதில் விழுந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துறைமுகத்தின் கப்பல் அட்டவணையைத் தேடி எடுத்து அச்சடித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். காலை ஏழு மணிக்குக் கரை சேருகிறது. மாலை ஐந்து மணிக்குள் எல்லாரும் ஏறியாக வேண்டும். பத்து மணி நேரம்! போன சனிக்கிழமை சும்மா ராஷித் துறைமுகம் வரை காரை ஓட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். என் வீட்டு வாசலிலிருந்து இருபத்தெட்டு நிமிடம். செவ்வாய்க்கிழமை காலை நெரிசலில் மறுபடி போனேன், நாற்பத்தொரு நிமிடம். அங்கே நின்ற கப்பலைப் பார்த்தேன், பதினாறு மாடி. நம் ஊர் ஜும்மா பள்ளி மினாரை அதன் பக்கத்தில் வைத்தால் பாதிக்குக்கூட வராது. வாயிற்காவலர் என்னை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "பாய், க்யா காம் ஹை?" என்றார். ஒன்றுமில்லை, என் அண்ணன் வருகிறார் என்றேன். இன்றைக்கா என்றார். இன்னும் பதினாறு நாள் இருக்கிறது என்றேன். சிரித்துவிட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. டாக்டர் பயணத்துக்கு அனுமதி கொடுத்திருக்கலாம். ஆனால் நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள் உடம்பின் காவலாளியைத் தூங்கவைத்துத்தான் அந்த உறுப்பைக் காப்பாற்றுகின்றன. மற்றவர்களுக்கு ஒருநாள் வயிற்றுப்போக்கில் போகும் கிருமி உங்களை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிடும்.

அந்த ஆபரேஷன் முடிந்து பதினெட்டு நாள் கழித்துத்தான் எனக்குச் செய்தி வந்தது. மதினிதான் சிறுநீரகம் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். பெரிய மனசு. நம் இருவருக்கும் ஒரே ரத்த வகை என்பது உங்களுக்குத் தெரியும். யாரும் என்னைக் கேட்கவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

கப்பலைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். இருபத்தாறு வயதில் கரீபியன் கடலில் இரண்டு வருடம் கப்பல் சமையற்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். "எம்.எஸ்சி. படிச்சுப்புட்டுக் கப்பல்ல சட்டி கழுவப் போறியாடா?" என்று நீங்கள் வழியனுப்பியது இன்னும் காதில் இருக்கிறது. சட்டி கழுவவில்லை. சட்டி சுத்தமா என்று பார்க்கிற வேலை. அங்கே வாரம் நாலு துறைமுகம். கப்பலுக்குள் ஒவ்வொரு தட்டையும் நாங்கள் சோதித்து அனுப்புவோம். சனங்கள் ஏணியில் இறங்கி இருபது அடி நடந்ததும் எல்லாம் மறந்துபோகும். வெயில், பாட்டு, கையில் ஐஸ் மிதக்கும் ஜூஸ். அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று ஒருவர் கேட்க மாட்டார்.

ஒருமுறை ஒரு தீவுத் துறைமுகத்தில் ஒரு பெரியவர் கரைக் கடையில் சீலா மீன் சாப்பிட்டுவிட்டு வந்தார். நீங்கள் உயிரை விடும் அதே சீலா மீன்தான். இரவுக்குள் உதடு மரத்துப்போய், குளிர்ந்த தண்ணீரைக் குடித்தால் சுடுகிறது என்று அழுதார். அந்தக் கடலின் பவளப் பாறைகளில் உண்டாகும் ஒரு விஷம் பெரிய மீன்களின் உடம்பில் சேருமாம். எவ்வளவு வேகவைத்தாலும் போகாது என்றார் கப்பல் டாக்டர். அடுத்த துறைமுகத்தில் அவரைத் தூக்குப் படுக்கையில் இறக்கினார்கள். அவர் மனைவி இரண்டு தொப்பிகளையும் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார். உங்கள் கப்பல் செய்தி வந்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த இரண்டு தொப்பிகள்தான்.

அதனால் சொல்கிறேன், கேளுங்கள். தண்ணீர் மூடி உடைகிற சத்தம் கேட்கிற பாட்டிலில் மட்டும். ஐஸ் எங்கேயும் வேண்டாம். கப்பலில் எடுத்துப் போட்டுச் சாப்பிடும் மேசைகள் இருக்கும், அங்கே மூவாயிரம் பேர் பிடித்த கரண்டியைத்தான் நீங்களும் பிடிப்பீர்கள். சாப்பிட உட்காருமுன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாசலில் பீய்ச்சும் ஜெல்லை நம்ப வேண்டாம், கப்பலில் பரவும் வாந்திக் கிருமிக்கு அது போதாது. ஐந்து வேளை ஒளு எடுக்கிற மனிதருக்கு ஆறாவது தடவை கஷ்டமில்லை. நறுக்கி வைத்த பழம், பச்சைக் காய்கறி தொடாதீர்கள். முழு வாழைப்பழம் உரித்துச் சாப்பிடலாம்.

துபாய்க் கரையில் இறங்கியதும் ஷவர்மா வாசனை வரும். அதில் தடவும் வெள்ளைப் பூண்டுக் களியில் சில இடங்களில் பச்சை முட்டை சேர்ப்பார்கள். பாலைவனச் சுற்றுலாவில் காய்ச்சாத ஒட்டகப் பாலை ஒரு வாய் குடித்துப் பாருங்கள் என்று நீட்டுவார்கள். வேண்டாம். ஜூஸ் கடையில் ஆரஞ்சு போலவே இருக்கும் கிரேப்ஃப்ரூட் கலப்பார்கள், நம் ஊர்ப் பம்பளிமாஸின் தம்பி அது. உங்கள் மாத்திரையோடு அது சேர்ந்தால் மருந்தின் அளவு ரத்தத்தில் எகிறிவிடும். இதை மட்டும் மதினியிடம் இரண்டு தடவை படித்துக் காட்டுங்கள். கொதிக்கக் கொதிக்கத் தரும் கரக் டீ குடிக்கலாம், சர்க்கரை இல்லாமல்.

இவ்வளவும் எழுதிவிட்டு யோசித்துப் பார்த்தேன். எது வேண்டாம் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டேன், அந்தப் பத்து மணி நேரத்தில் நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

நேற்று லீவு கேட்கப் போனேன். என் கம்பெனியில் எனக்கு நாலு வருடம் பின்னால் சேர்ந்த ரெங்கராஜ்தான் இன்று எனக்கு மேலதிகாரி. ஒரு குழம்பு எத்தனை டிகிரியில் கெடும் என்று இன்றும் என்னைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறான், அது கிடக்கட்டும். வியாழக்கிழமை லீவு வேண்டும், காக்கா வருகிறார் என்றேன். "உங்களுக்கு அண்ணன் இருக்காரா சார்? பத்து வருஷமா ஒரு தடவகூடச் சொன்னதில்லையே" என்றான். நான் லீவுத் தாளை அவன் பக்கம் தள்ளினேன். "வெள்ளிக்கிழமையும் சேர்த்து எடுத்துக்குங்க சார்" என்று அவனே எழுதிக்கொண்டான். அவன்மேல் வைத்திருந்த கோபத்தில் கொஞ்சம் எனக்கு நஷ்டம்.

ஹஃபீஸாவின் கல்யாணத்தை நான் மறக்கவில்லை. நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். இந்தப் பதினோரு வருடமாக நான் எல்லாரிடமும் சொல்லிவருவது இதுதான்: அதிகாலையில் இறக்கிய கறி, மாப்பிள்ளை வீட்டார் வரத் தாமதமானதால் நாலு மணி நேரம் தேக்சா அண்டாவில் கிடந்தது. நான் குச்சி வெப்பமானியைக் குத்திப் பார்த்தேன், நாற்பத்தெட்டு டிகிரி. கிருமிக்கு மெத்தை விரித்த சூடு. மறுபடி கொதிக்கவைக்கச் சொன்னேன். நீங்கள் சம்பந்திகள் முன்னால், "நீ தம்பியா வந்தியா, இன்ஸ்பெக்டரா வந்தியா?" என்று கேட்டு அடுப்பை அணைக்கச் சொன்னீர்கள். நான் சாப்பிடாமல் மதுரைக்கு டாக்ஸி பிடித்தேன்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நடுவில் ஒன்றை விட்டுவிட்டுத்தான் சொல்லி வந்தேன்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் கை கழுவி, நாலு பேருக்கு ஒரு சஹன் என்று ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கை கழுவி உட்கார்ந்தவர்களைக் காக்கவைத்தால் அது நம் ஊரில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? அப்போதும் நீங்கள் கோபத்தை அடக்கிக்கொண்டு, உங்கள் சஹனில் ஓர் இடத்தைக் காலியாக வைத்து, "வா, எங்கூட உக்காரு" என்று கூப்பிட்டீர்கள். நான் நின்றபடியே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அதுல நான் கை வைக்க மாட்டேன்" என்றேன். பெண்ணைப் பெற்றவரின் சஹனில். கல்யாண வீட்டில். நீங்கள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அப்ப இனிமே வைக்காத" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள். அது அன்றைய சாப்பாட்டுக்கா, ஆயுளுக்கா என்று நான் கேட்கவில்லை. ஆயுளுக்கு என்று நானே எடுத்துக்கொண்டேன். குடும்ப வாட்ஸப் குரூப்பிலிருந்தும் நானேதான் வெளியேறினேன். திரும்பச் சேர்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதும் உண்மைதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. துபாய் வந்து சேர்ந்து மூன்று நாள் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அறுநூறு பேர் சாப்பிட்டார்கள். யாருக்காவது வாந்தி, யாருக்காவது பேதி என்று செய்தி வராதா என்று. ஹஃபீஸா, நான் கையில் தூக்கி வளர்த்த பிள்ளை, அவள் கல்யாண விருந்து கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று அவளுடைய சாச்சா நான் மூன்று நாள் காத்திருந்தேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அந்த அல்ஹம்துலில்லாஹ்வை நான் இன்றைக்குத்தான் சொல்கிறேன். கறியின் சூட்டில் நான் பிழை செய்யவில்லை காக்கா. மற்றதில் செய்தேன்.

பதினைந்தாம் தேதி ஏழு மணிக்கே துறைமுக வாசலில் நிற்பேன். வெள்ளை நிசான் கார். உங்களுக்கு இறங்க மனசில்லை என்றால் மதினியை மட்டும் அனுப்புங்கள், பாஹிமா ஏற்கெனவே தொதல் கிண்டும் சட்டியை இரவல் வாங்கிவிட்டாள். ஆனால் நான் மெனக்கெட்டது மதினிக்காக இல்லை.

தேரா பக்கம் ஒரு பாத்திரக் கடையில் பெரிய சஹன் ஒன்று வாங்கினேன். மூன்று தடவை கொதிநீரில் கழுவியாயிற்று, அன்றைக்கு நாலாவது தடவை கழுவுவேன். ஆட்டுக்கறியை என் கண் முன்னால் அறுத்துத் தருவதாக எங்கள் தெருக் கடைக்காரர் ஃபவாஸ் வாக்குக் கொடுத்திருக்கிறார். அவர்தான் தோஹா வரும்போது இந்தக் கடிதத்தையும் ஆகில் கையில் சேர்க்கிறார். நெய்ச்சோறும் கறியும் நீங்கள் வீட்டுக்குள் வந்த பிறகுதான் அடுப்பிலிருந்து இறங்கும். இந்தத் தடவையும் குச்சியைக் குத்திப் பார்ப்பேன், உங்கள் கண் முன்னாலேயே. திட்டுங்கள். சம்பந்திகள் யாரும் இல்லை, எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் திட்டுங்கள். எழுந்து மட்டும் போகாதீர்கள்.

ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் உடம்புக்கு இன்னொருவர் கை வைத்த சஹனில் சாப்பிடுவது ஆகாது. என் தொழில் எனக்கு அதைச் சொல்கிறது. இத்தனை வருடம் கழித்து நான் உங்களோடு உட்காரத் தயாரானபோது, உட்காரக் கூடாத உடம்பாகிவிட்டது உங்களுக்கு. இரண்டு இரவு இதையே யோசித்தேன். தனித்தட்டு வைக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் இப்படிச் செய்யலாம். சஹனை உங்கள் முன்னால் வைக்கிறேன். யாரும் கை வைக்காத சோறு, முதல் பிடி நீங்கள் எடுங்கள். ஆற அமரச் சாப்பிடுங்கள், நான் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் போதும் என்று கையை எடுத்த பிறகு, அதே சஹனில் உங்கள் மிச்சத்தை நான் சாப்பிடுகிறேன். என் உடம்புக்கு ஒன்றும் ஆகாது.

நாலு மணிக்கு உங்களைக் கப்பல் ஏணியில் ஏற்றிவிடுவேன், பிந்தாது. வழியை நான் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தவன்.

அல்லாஹ் உங்களுக்கும், உங்களுக்குள் இருக்கும் மதினியின் சிறுநீரகத்துக்கும் நீண்ட சுகத்தைத் தருவானாக. ஹஃபீஸாவிடம் பேசும்போது சாச்சா சலாம் சொன்னதாகச் சொல்லுங்கள். வருவீர்களா என்று கேட்டு உங்களைப் பதில் சொல்லும் கஷ்டத்துக்கு ஆளாக்க மாட்டேன். அன்று காலை எட்டு மணிக்கு அரிசி ஊறியிருக்கும்.

சோறு அறுபது டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் வந்துவிடுங்கள், காக்கா.

உங்கள் தம்பி,
செய்கு அலாவுதீன்