இரண்டு பாய்மரக் கப்பலும் நீ மறைத்த சேதியும்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்,
8-1-1973

சிரஞ்சீவி கோதண்டபாணிக்கு அம்மா எழுதுவது. காமாட்சி புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று கேட்கவேண்டியதில்லை, கொச்சியில் உன்னை நேரில் பார்த்தவர்கள் வந்து சொல்லிவிட்டார்கள்.

நீ பாய் தைத்துக் கொடுத்த கப்பலிலேயே அந்த வெள்ளைக்காரத் துரையோடு ஆப்பிரிக்காவில் இருக்கிற மொம்பாசாவுக்குப் போகப்போவதாக எழுதியதிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. கெட்ச் என்று பேராம், இரண்டு பாய்மரமாம், உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து வீடு மாதிரி சொகுசாம். காசு உள்ளவன் விமானத்தில் போகாமல் காற்றை நம்பிப் போகிறான் என்றால் அடியில் தங்கமோ கடிகாரமோ ஒளித்திருக்கிறான், மாட்டினால் நம் பிள்ளைதான் ஜெயிலுக்குப் போவான் என்றார் அப்பா. எனக்கும் அப்படித்தான் பட்டது. கோயில் பார்க்க வருகிறவர்களை நம் வீட்டுக்கும் போகச் சொன்னாயே, போன வெள்ளிக்கிழமை துரையும் அவர் சம்சாரமும் வந்தார்கள். இங்கிலீஷ் தெரிந்த ராஜகோபால் வாத்தியாரைக் கூட்டிவந்து உட்கார வைத்தோம். அப்பா எடுத்த எடுப்பிலேயே, அடியில என்னா வெச்சிக்கினு போறாருன்னு கேளு வாத்தியாரே என்றார். துரை கோபித்துக்கொள்ளாமல் தரையில் விரலால் படம் போட்டார். கப்பலின் அடிவயிற்றில் முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே நீளமாகக் கட்டை ஓடுகிறதாம், அதில் கனத்துக்கு ஈயம் வைத்திருக்கிறதாம், அலை சாய்த்தாலும் தானே நிமிர்ந்துவிடுமாம். ஈயம்னு சொல்றான், யாரு பாத்தது என்று அப்பா என் காதைக் கடித்தார்.

அந்த அம்மாள் இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு உன் பேச்சே பேசினாள். எனக்கு என்னவோ போல் இருந்தது. எம் புள்ளைக்கு அங்க ஏதாவது ஆச்சான்னு கேளுப்பா என்று வாத்தியாரிடம் சொன்னேன். எங்களுக்குத் தெரியும் என்று நினைத்துச் சொல்லிவிட்டாள். வெள்ளோட்டத்தன்று நீ கடலில் விழுந்தாயாம், துரை குதித்து உன் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தாராம். நீச்சல் தெரியும் என்று நீ சொன்னதை நம்பித்தான் உன்னை ஏற்றினார்களாம். அப்பா எழுந்துபோய்த் தறியில் உட்கார்ந்தார், நெய்யவில்லை. பிறகு வந்து துரையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

நாங்கள் சந்தேகப்பட்டது அவரை, பொய் சொன்னது நீ. போகவே வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்பாதான், அந்த ஆளோடன்னா போவட்டும், நீந்தக் கத்துக்கினு போவட்டும் என்கிறார். மாசியில்தான் கிளம்புகிறார்களாம், அதற்குள் கற்றுக்கொள். ஈரத் தலையோடு படுக்காதே, நெஞ்சில் சளி கட்டும். வரதரும் காமாட்சியும் உன்னைக் கரைசேர்க்கட்டும், நூறு வயது இரு. நீச்சல் வந்துவிட்டது என்று மட்டும் நீ எழுதாதே, அந்த அம்மாள் எழுதட்டும்.

உன் அம்மா,
பெரியநாயகி