மூன்றாம் தடவை கேட்டால்தான்

அம்மாவுக்கு க்ரானியா எழுதுவது. உன் மூட்டுவலி தேவலையா? அப்பா மாத்திரை போட்டுக்கொள்கிறாரா? நான் சௌக்கியம், மழையில் தனியாக நடந்து நடந்து கால்தான் கெஞ்சுகிறது.

நேற்று கால்வே நகர விடுதிச் சமையலறையில் ஹைக்கே என்ற ஜெர்மன்காரி உருளைக்கிழங்கு சூப் வைத்தாள். "உனக்கும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றாள். "ஐயோ, வேணாம்" என்றேன். "கேட்டதும் வாங்கினா பஞ்சத்துல அடிபட்டவங்கன்னு நினைப்பாங்க" என்று சொல்லித்தானே வளர்த்தாய்! நம் அயர்லாந்தில் மூன்றாம் தடவை கேட்கும்போதுதான் ஒப்புக்கொள்வோம். அவளோ "சரி" என்று மிச்சத்தை டப்பாவில் ஊற்றி மூடிவிட்டாள். காய்ந்த ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தேன். சிரிக்காதே.

கம்பளிக் காலுறை எடுத்து வை. வெள்ளிக்கிழமை கடைசி பஸ்ஸில் வருகிறேன். நிறுத்தத்துக்கு யாரும் வர வேண்டாம், நானே நடந்து வந்துவிடுவேன். வேண்டாம் அம்மா.