விரலை விட்டுடு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் நன்றாக இருக்கிறேன், பதறாமல் படி.

மனசு பாரமாகவே கிடந்ததால் இங்கே ஒரு டாக்டரிடம் மாத்திரை வாங்கினேன். வலிப்புக்கு ஏற்கெனவே மாத்திரை போடுவதை அவரிடம் மறைத்தேன். கம்பெனிக்குத் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். புது மாத்திரை வலிப்பைக் கிளப்பிவிடும் ஜாதியாம். வெல்டிங் பட்டறையிலேயே வலிப்பு வெட்டி இழுத்து விழுந்தேன். நாக்கைக் கடித்துக்கொள்வேன் என்று பயந்து, கூடவே வேலை பார்க்கும் என் அறைத்தோழன் என் வாய்க்குள் விரலை விட்டான். எலும்பு தெரியக் கடித்துவிட்டேன். வலி தாங்காமல் அவன் விட்ட குத்தில் எனக்கு இரண்டு பல் போயின. நினைவு தெளியாமலேயே நான் அவன் கழுத்தை நெரித்தேனாம்; நாலு பேர் சேர்ந்து பிரித்தார்களாம்.

"முன்னாடியே சொல்லியிருந்தா, ஒத்துப்போற மாத்திரையா கொடுத்திருப்பேனே," என்றார் டாக்டர். இப்போது மாற்றிக் கொடுத்திருக்கிறார். கம்பெனியும் ஊருக்கு அனுப்பவில்லை, வெல்டிங்கிலிருந்து வேறு வேலைக்கு மாற்றியதோடு சரி.

நம் டாக்டர் எழுதிய பழைய சீட்டைப் படமெடுத்து அனுப்பு. கூடவே "மாத்திரை போட்டியா" என்று உன் குரலில் பேசி அனுப்பு, போதும்.

இப்போதெல்லாம் அவன்தான், கட்டுப்போட்ட கையாலேயே, என் வாயில் மாத்திரை போடுகிறான். "மாத்திரைய முழுங்கு, விரல விட்டுடு," என்கிறான். இங்கே வந்த பிறகு என்னைத் தொட்ட கை அது ஒன்றுதான் அம்மா.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் மூத்தவன்