குவளை சூடாக இருந்த காலை

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன் பெரியப்பா. உங்களுக்காக ஒரு மில்லி லிட்டர்கூடக் கூட்ட மாட்டேன்.

இன்று வேதியியல் ஆய்வகத்தில் அளவு சாடியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். உங்கள் குவளை நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். டீச்சர் முறைத்தார்.

நான் ஒன்பதாம் வகுப்பு முடித்த விடுமுறையில், உங்களுக்கு வயிற்றுப் புண்ணிலிருந்து இரத்தம் கொட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். ஆனால் சிறுநீர் சரியாக இறங்கவில்லை. பெரியம்மா வல்லத்திராக்கோட்டை வீட்டுக்குப் போய்க் கஞ்சி வைத்து வரும்வரை பகலில் நான்தான் துணை. கோடு போட்ட பிளாஸ்டிக் குவளையில் நீங்கள் பிடித்துத் தருவதை அளந்து நோட்டில் எழுதுவது என் வேலை.

"அதான் இரத்தம் ஏத்தியாச்சே, இன்னும் ஏன் சரியாகல டாக்டர்?" என்று கேட்டேன். அந்த டாக்டர் அக்கா பொறுமையாகச் சொன்னார்: "கொஞ்ச நேரம் இரத்தம் போகாம கிட்னி வாடிருச்சும்மா. இரத்தம் திரும்பறப்ப சில வெள்ளை அணுக்கள் புகுந்து இன்னும் புண்ணாக்கும். அதுகள அடக்கி கிட்னியைக் காப்பாத்துற அணுக்களும் இருக்கு. எலிகள்ல பாத்திருக்காங்க, மனுசங்கள்ல இன்னும் ஆராய்ச்சி நடக்குது."

நீங்கள் எழுந்தே உட்கார்ந்துவிட்டீர்கள். முப்பது வருடமாகக் கல்யாணப் பந்தல் போடுகிறவர். பந்தியில் எத்தனை சண்டையை விலக்கிவிட்டவர்! "அப்ப வெலக்கிவிடுற ஆளுக உள்ளயும் இருக்காங்களா? நம்ம ஆளுகதான்!"

மறுநாள் டாக்டர் எச்சரித்தார்: "அளவு கூடலைன்னா டயாலிசிஸ்தான்." உங்கள் முகம் சுருங்கியது.

அடுத்த காலை குவளையில் நானூறு மில்லி இருந்தது. முந்தின நாள் பாலில்லாத டீ நிறம், இன்றோ வெளுப்பு. துள்ளிக் குதித்து நோட்டில் எழுதிவிட்டுத்தான் குவளையைக் கையில் வாங்கினேன். ஜில்லென்று இருந்தது, வார்டுக் குழாய்த் தண்ணீர் போல.

"பெரியப்பா, தண்ணி ஊத்துனீங்களா?"

"அப்படியே இருக்கட்டும் ஆத்தா. அந்த மிசினுன்னா எனக்குப் பயமா இருக்கு."

எனக்கும் பயம்தான். ஆனாலும் டாக்டர் வந்ததும் சொல்லிவிட்டேன். டயாலிசிஸுக்கு எழுதினார். "காட்டிக் குடுத்துட்டியே" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். மிசினுக்குப் போய்வந்தும் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தீர்கள். சாயங்காலம்தான், திரும்பாமலே, "நம்ம ஆளுக என்ன பண்றாங்களாம்?" என்றீர்கள்.

"வெலக்கிக்கிட்டு இருக்காங்க. நேரம் ஆகும்."

"பந்தியிலயும் அப்படித்தான். ரெண்டு அடி நமக்கும் விழும்."

இரண்டாவது டயாலிசிஸ் முடிந்து, மூன்றாம் நாள் காலை. நான் வார்டுக்குள் நுழையும்போதே உங்கள் குரல் கேட்டது: "வா ஆத்தா! தொட்டுப் பாரு, தொட்டுப் பாரு!" குவளையை ஆரத்தித் தட்டுபோல் ஏந்தி நின்றீர்கள். சூடாக இருந்தது. முந்நூற்றைம்பது! பக்கத்துக் கட்டில்காரர் கைதட்டினார். நர்ஸ் அக்கா, "இதுக்கு ஒரு பந்தல் போடுங்க" என்றார். கஞ்சித் தூக்கோடு வந்த பெரியம்மா விஷயம் தெரிந்ததும் சிரித்துக்கொண்டே அழுதார்.

அதன்பிறகு இரண்டு வருடம் பந்தல் போட்டீர்கள். போன சித்திரையில் நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டீர்கள். அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. நானூற்றை அடித்துவிட்டு, கீழே நீங்களே கோணல் எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள்: "இது தண்ணி."

இன்று சாடியில் பதினெட்டு புள்ளி நான்கு. பக்கத்துப் பெண் இருபது என்று எழுதச் சொன்னாள், விடைக்குச் சரியாக வருமாம். நான் பதினெட்டு புள்ளி நான்கு என்றே எழுதினேன் பெரியப்பா. பெல் அடித்துவிட்டது. ஆய்வக விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.